ஐந்நூற்று ஐம்பது கிராம்

உங்களை அனுப்பியது என் வீட்டுக்காரர்தானே, ஃபாதர்? இல்லை என்று தலையாட்டாதீர்கள். வீடு சந்திப்பு என்றால் முதல் தெருவில் ஆரம்பித்து வரிசையாக அல்லவா வருவீர்கள்? நாங்கள் ஆறாவது தெரு. நேரே இங்கே வந்து, காப்பி வேண்டாம் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டு, "காலைக் குளிரில் வெளியே போகிறீர்களாமே அம்மா" என்கிறீர்கள். நான் கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். சாமியார்களும் சிஸ்டர்களும் எதைச் சுற்றிக்கொண்டு எங்கே வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். உட்காருங்கள். அந்தப் படத்துக்கு நேராக வேண்டாம், இந்தப் பக்கம்.

சரி, பார்த்துவிட்டீர்கள். பார்த்தே தீரவேண்டிய இடத்தில்தான் மாட்டியிருக்கிறார். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை ஏந்தி நிற்கிற மாதிரி மீனை ஏந்திக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். அப்போது தலையில் முடி இருந்தது. பத்தொன்பது வருஷம் ஆகிறது. கட்லா. எட்டு கிலோ எழுநூற்றைம்பது கிராம். கீழே வெள்ளை எழுத்தில் போட்டிருக்கிறது, நீங்கள் எழுந்து பார்க்க வேண்டாம். எங்கள் கல்யாணப் படம் எங்கே என்று கேட்கிறீர்களா? உள்ளே, பீரோ கதவுக்குப் பின்னால்.

இந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த மீனின் கதையைச் சொல்லுவார். கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவனுக்குச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்களோ என்று நான் அடுக்களையில் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். பிசிக்ஸ் வாத்தியார் இல்லையா, கிராமைக் கூட விடமாட்டார். பள்ளிக்கூடத்து லேபில் கழித்துப் போட்ட சுருள்வில் தராசு ஒன்று வைத்திருந்தார், அதில் போட்ட எடை. பைபிளுக்கு அடுத்தபடி அந்தத் தராசு.

நான் எப்படி இதில் வந்தேன் என்றால், என் தப்பு இல்லை, அவர் தப்பு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய சித்தப்பா செத்துப்போய், துட்டிக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாயிற்று, இவர் ஆற்றிலிருந்து வருகிறதாயில்லை. ஏசுவதற்காகத்தான் போனேன். போன நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. "ஒரு நிமிஷம் பிடி எமரி" என்று தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறிப் போனார். அந்த ஒரு நிமிஷத்தில் இழுத்தது. இரண்டு கிலோ நூறு. சித்தப்பாவை அடக்கம் பண்ணும்போது என் கையில் மீன் வாடை. நான் அழாமல் நின்றதைப் பார்த்து நாத்தனார் இன்றைக்கும் குறை சொல்லுகிறாள். எமரென்சியாவுக்கு நெஞ்சில் ஈரம் கிடையாதாம். ஈரம் இருந்தது, வேறு இடத்தில்.

அடுத்த வாரமே எனக்கென்று தனித் தூண்டில் வாங்கினேன். ரீல் வைத்தது. அடுக்களைக் காலண்டரில் என் கணக்கை எழுதிவருகிறேன். இரண்டு கிலோ நூறு. மூன்று நானூறு. போன வருஷம் ஐந்து அறுநூறு. அதற்கு மேல் எட்டு எழுநூற்றைம்பது. நடுவில் எத்தனை மீன் இருக்கிறது என்று எனக்குக் கவலை இல்லை. எனக்கு அந்த ஒன்றைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கடற்கரைக்காரர், உங்களுக்கு ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் தாமிரபரணியில் மீன் பிடிப்பது வாளியில் கைவிட்டு எடுப்பது மாதிரி. தண்ணீர் சுருங்கிக் கிடக்கும், எந்த மடையனும் பிடிப்பான். மார்கழி, தையில்தான் ஆறு ஆறாக இருக்கும். மழை வெள்ளம் வடிந்து, கலக்கல் தெளிந்து, தண்ணீர் குளிர்ந்து போய், பெரிய மீனெல்லாம் கசத்துக்கு இறங்கிவிடும். கசம் என்றால் ஆற்றுக்குள்ளேயே ஆழமான பள்ளம். பழைய பம்ப் ஹவுஸுக்குக் கீழே ஒன்று இருக்கிறது. அங்கே அவை அசையாமல் கிடக்கும். பசியும் இருக்காது. வாய் திறக்க வைக்க வேண்டுமானால் பொறுமை வேண்டும். என் பொறுமைதான் உங்களுக்குத் தெரியாதே. கல் மாதிரி உட்காருவேன். நீர்க்காகம் வந்து பக்கத்தில் முங்கி முங்கி எழுந்தபோது மட்டும் செருப்பை எடுத்து எறிந்தேன். ஒரு செருப்பு போயிற்று. அக்கரையில் குளிக்கிறவர்கள் சோப்புப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபோது எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொன்னேன். மற்றபடி கல்தான்.

இரையில்தான் ரகசியம். அவர் தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து போடுவார். தண்ணீரில் விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நான் முந்திரிக்கொத்து போட்டேன். ஆமாம், கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்துதான். பாசிப்பயறு மாவை வெல்லப்பாகில் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்தெடுப்பது. என் முந்திரிக்கொத்துக்கு நல்ல பிடிமானம் உண்டு. இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தாலும் முள்ளை விடாது. மாப்பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் உடைந்தது என்று மகள் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல். இந்த வருஷம் பார்சல் அனுப்ப வேண்டாம் என்று போன் பண்ணிவிட்டாள். கோயம்புத்தூரில் எல்லாம் கிடைக்கிறதாம். கிடைக்கட்டும். ஒரு டின் நிறைய மிச்சம் இருந்தது.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து மூன்றாம் நாள். ஜனவரி ஒன்பது. அவர் ஊரில் இல்லை. தூத்துக்குடியில் நாத்தனாருக்குக் கண் ஆபரேஷன். கசத்தில் பனி புகை மாதிரி நின்றது. ஏழரை மணிக்குத் தூண்டில் மிதப்பு அப்படியே சாய்ந்தது. முங்கவில்லை, சாய்ந்தது. சின்ன மீன் வெடுக்கென்று இழுக்கும். பெரியது, நம் வீட்டில் வந்து உரிமையோடு கதவைத் திறக்கிற சொந்தக்காரன் மாதிரி, மெதுவாக எடுத்துக்கொண்டு போகும். போயிற்று. ரீல் அழுதது. முக்கால் மணி நேரம், ஃபாதர். நான் கேட்காத புனிதர் இல்லை. ஏசாத புனிதரும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, செவுளுக்குள் விரலைக் கொடுத்து, நானே தூக்கிக் கரையில் போட்டேன். சேலையெல்லாம் சேறு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மூச்சு கொஞ்சம் இரைத்தது, அவ்வளவுதான். அந்த மூச்சைத்தான் உங்களிடம் பெரிதாகச் சொல்லியிருப்பார்.

எடை போட வேண்டும். சுருள்வில் தராசு இல்லை. அது நவம்பரில் ஆற்றில் விழுந்துவிட்டது. தானாகவே விழுந்தது, நான் பையை உதறும்போது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, கேட்டால் சொல்லுவேன். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம், எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது, பத்து நிமிஷம் ஆட்டோ. ஆனால் மீன் காயக் காய எடை குறையும் இல்லையா? எனக்கு அப்போதே தெரிய வேண்டும். தெரு முனையில் ஆவுடையப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பழைய பேப்பர்க்காரன். கடிகாரம் மாதிரி வட்ட முகம் வைத்த தொங்கு தராசு வைத்திருப்பான். "லே ஆவுடையப்பா, நில்லு!" என்றேன்.

அவன் தராசைப் பற்றி இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஏனென்றால் நான் சொல்லியிருக்கிறேன். பதினைந்து வருஷமாக, கிலோவுக்கு நூறு கிராம் தின்கிற தராசு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவருகிறேன். அவனும் "யக்கா, தராசு பொய் சொல்லாதுக்கா" என்று சிரித்துக்கொண்டே கயிற்றைக் கட்டுவான்.

மீனை மாட்டினான். முள் எட்டு இருநூறில் நின்றது.

எட்டு இருநூறு. கிலோவுக்கு நூறு சேர்த்தால் எண்ணூற்று இருபது. ஆக ஒன்பது கிலோ இருபது கிராம். நடுத்தெருவில் நின்று கையைத் தட்டினேன் ஃபாதர். தங்கபுஷ்பம் மதினி எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து படம் எடுத்தாள். பதினான்கு வீட்டுக்கும் துண்டு போட்டுக் கொடுத்தேன். தலையை ஆவுடையப்பனுக்குக் கொடுத்தேன். காலண்டரில் ஒன்பது இருபது என்று சிவப்பில் எழுதினேன். படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அதே எடையைக் கீழே எழுதி, ஆணியும் அடித்துவிட்டேன். அவருடைய படத்துக்கு இரண்டு விரல்கடை மேலே.

அவர் வந்தார். படத்தைப் பார்த்தார். முதலில் சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எதுல போட்ட எடை எமரி?"

"ஆவுடையப்பன் தராசு."

"அவன் தராசு என்ன காட்டிச்சு?"

சொன்னேன்.

"அப்போ எட்டு இருநூறுதானே?"

"அவன் கள்ளத் தராசு. கிலோவுக்கு நூறு திங்கும். ஊருக்கே தெரியும்."

"தெரியும்னா எப்படித் தெரியும்? நீ சொல்லித் தெரியும்." அப்புறம் தாள் எடுத்துக் கணக்குப் போட்டார். "நீ சொல்லுறது சரின்னே வச்சுக்கிட்டாலும் இது பிசகு. எட்டு இருநூறை ஒன்பதால வகுத்துப் பத்தால பெருக்கணும். ஒன்பது நூத்திப் பத்து வரும். தப்புக் கணக்குலகூட உனக்குத் தொண்ணூறு கிராம் நட்டம் பண்ணிட்டியே."

இந்த மனுஷனோடு இருபத்தெட்டு வருஷம். நினைத்துப் பாருங்கள்.

விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. நான்தான் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சோதனை வைப்பது என்று ஆயிற்று. காலி கேஸ் சிலிண்டரில் அதன் எடை பொறித்திருக்கும் அல்லவா? எங்கள் சிலிண்டரில் பதினைந்து எண்ணூறு. அதை ஆவுடையப்பன் தராசில் தூக்கி மாட்டுவது. குறைத்துக் காட்டினால் நான் ஜெயித்தேன், என் படம் மேலே. சரியாகக் காட்டினால் எட்டு இருநூறு, என் படம் இறங்கும். அதற்குள் மீனை எல்லாரும் தின்று தீர்த்துவிட்டார்கள், வேறு வழி இல்லை.

இனிமேல் நான் சொல்லுவதைப் பாவசங்கீர்த்தனமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகக் கூடாது. கழுத்தில் போடுகிற ஸ்டோலா கொண்டுவரவில்லையா? பரவாயில்லை, துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பின்வாசலில் ஆவுடையப்பன் வந்து நின்றான். பதினைந்து வருஷத்தில் அவன் பின்வாசலுக்கு வந்ததே இல்லை.

"யக்கா, ஒரு சங்கதி. நாளைக்குத் தராசு சரியாத்தான் காட்டும்."

"எப்படிலே காட்டும்? தின்கிற தராசாச்சே."

"அது பழைய தராசுக்கா. அது திங்கத்தான் செய்யும். நூறு இல்ல, நூத்திருவது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இப்ப இருக்கது புதுசு. ஆயுதபூசைக்கு வாங்கினேன். அதுக்கு முந்தின ஆயுதபூசை அன்னைக்கு, நான் தராசுக்குச் சந்தனம் குங்குமம் வச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க மாடியில நின்னுக்கிட்டு, 'களவாணித் தராசுக்குப் பொட்டு வேறயாலே'ன்னு கேட்டீய. தெருவே சிரிச்சுது. அது ஒரு வருசமா உள்ள கெடந்து அறுத்துதுக்கா. இந்தத் தடவை அதைக் கொண்டுபோயி சாமி முன்னால வைக்க மனசு வரல. புதுசு வாங்கி, அதுக்குத்தான் பொட்டு வச்சேன்."

யோசித்துப் பாருங்கள் ஃபாதர். பதினைந்து வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியது பலித்திருக்கிறது. ஒரு மனுஷன் திருந்தியிருக்கிறான். எப்போது? என் மீனுக்கு மூன்று மாதம் முன்னால்! இன்னும் ஒரு வருஷம் பொறுத்துத் திருந்தினால் இவனுக்கு என்ன?

"நீ மாற்றினது எனக்குத் தெரியவே இல்லையே" என்றேன்.

"எப்படித் தெரியும்? பெறவும் நாலு தடவை களவாணித் தராசுன்னு ஏசினீய. புதுத் தராசுலதான் போட்டேன்."

அவனே மறுபடியும் சொன்னான். "பழசு வீட்டுல கெடக்குக்கா. நாளைக்கு அதைக் கொண்டாந்து மாட்டுதேன். முள்ளு குறையும். நீங்க ஜெயிச்சிருவீய."

"உன்னைக் களவாணி என்பார்கள்."

"நீங்க சொல்லாததா? நாலு நாள் பேசுவாவ. பெறவு பேப்பர் சேந்துட்டா கூப்பிடத்தானே செய்யணும்." திரும்பிப் போகப் பார்த்தவன் சொன்னான். "அன்னைக்கு மீனை மாட்டினப்ப உங்க மொகத்தைப் பாத்தேன். இத்தனை வருசத்துல என்னையப் பாத்து நீங்க சிரிச்சது அது ஒண்ணுதான்க்கா."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆமாம், சொன்னேன். பழசையே கொண்டுவா என்றேன். பாவம்தான், அதனால்தானே துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெரு முழுக்க ஆட்கள். நாற்காலி போட்டுக்கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர் சிலிண்டரைத் துடைத்து, எண்ணைச் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருந்தார். ஆவுடையப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியில் இரண்டு தராசும் கிடந்தன. பழைய இரும்புக்காரன் வண்டியில் பழைய தராசு கிடப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் லேசாகத் தலையாட்டினால் போதும்.

அப்போது தங்கபுஷ்பம் மதினி பக்கத்தில் நின்றவளிடம் சொல்லுகிறாள்: "களவாணிப்பய, இன்னைக்கு மாட்டினான் பாரு. இனிமே தெருவுக்குள்ள விடப்பிடாது."

எனக்கு வந்ததே கோபம்! களவாணி என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. மூட்டை மூட்டையாகப் பேப்பர் போட்டு, எதிரே நின்று முள்ளைப் பார்த்து, வாய்க்கு வாய் சண்டை போட்டவள் நான். இவள் என்ன போட்டாள்? பேப்பரே வாங்கமாட்டாள், என் வீட்டுப் பேப்பரைத்தான் வாசிப்பாள். இவள் ஒரு மனுஷனைத் தெருவுக்குள் விடாமல் செய்யப் போகிறாளா? என் மீனை வைத்து?

"ஆவுடையப்பா," என்றேன். "குங்குமப் பொட்டு இருக்குல்லா, அதை எடுத்து மாட்டு."

அவன் நம்பாமல் பார்த்தான். "எதை மாட்டணும்னு சொல்லிட்டேன்லா! வெயில் ஏறுது" என்று அதட்டினேன். நான் நல்லவள் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வெயிலில் நிற்க முடியாது.

சிலிண்டரைத் தூக்கி மாட்டினார்கள். முள் ஆடி ஆடிப் பதினைந்து எண்ணூறில் வந்து, ஆணி அடித்த மாதிரி நின்றது.

தெரு சிரித்த சிரிப்பு உங்கள் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். அத்தோடு விட்டார்களா? அதே தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். "பாவம் அந்த மனுசன், பதினஞ்சு வருசமா வீண் பழி சுமந்திருக்காரு. மன்னிப்புக் கேளுங்க மதினி." எல்லாரும் அதையே சொன்னார்கள். மன்னிப்புக் கேளு, மன்னிப்புக் கேளு.

கேட்டேன் ஃபாதர். பதினான்கு வருஷமும் ஒன்பது மாதமும் என் பேப்பரில் கிலோவுக்கு நூற்றிருபது கிராம் தின்றவனிடம், தெரு நடுவில் நின்று, "ஆவுடையப்பா, என்னை மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான். நல்ல மனுஷன், சந்தோஷத்தில் அழுகிறான் என்றார்கள். அவன் எதற்கு அழுதான் என்று அவனுக்கும் எனக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். சொன்னீர்களோ, நேரே நரகம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜெயித்தவர் பேசாமல் போகவேண்டியதுதானே? என் படத்தை அவரே எடுத்து, ஒன்பது இருபதை அழித்து எட்டு இருநூறு என்று எழுதி, "இதுவும் மாட்டலாம் எமரி. உன்னோட முந்தின மீனைவிட ரெண்டு கிலோ அறுநூறு கூட. தண்ணியில இறங்கி நீயே தூக்கியிருக்க. என்னால முடியாது" என்றார். கேட்டீர்களா குத்தலை? ஐந்நூற்று ஐம்பது கிராம் குறைந்த படத்தைத் தன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்து, வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் காட்ட வேண்டும், அதுதானே? படத்தைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவருடைய தராசு மட்டும் சரியா என்று திருப்பிக் கேட்டிருப்பேன். கேட்டால் தராசு எங்கே என்பார். அது கசத்தில் கிடக்கிறது.

அன்றிலிருந்து தினமும் ஆற்றுக்குப் போகிறேன். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது வரை. ஆவுடையப்பனும் வண்டியோடு வந்து மேட்டில் நிற்கிறான், தராசை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு. எட்டி நில், நிழல் தண்ணீரில் விழுகிறது என்று ஏசினால், எட்டி நிற்கிறான். போன செவ்வாய் ஏழு கிலோ ஒன்று வந்தது. திருப்பி விட்டுவிட்டேன். ஏழை வைத்து நான் என்ன செய்ய? இவர் ஐந்தரைக்கே எழுந்து சுக்குக் காப்பி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி என் பைக்குள் வைத்துவிடுகிறார், கம்பளி மப்ளரையும் சுருட்டி வைக்கிறார். குற்ற மனசு. பயம். எங்கே தாண்டிவிடுவேனோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் உங்களை அனுப்பியிருக்கிறார், மூச்சிரைக்கிறது, குளிரில் போகாதே என்று நீங்கள் சொன்னால் கேட்பேன் என்று. நீங்கள் தோல்வியோடு போகிறீர்கள், அவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

எழுந்துவிட்டீர்களே. இருங்கள், ஒரு விஷயம். வருகிற புதன் சாம்பல் புதன். காலை ஐந்தரைப் பூசையில் வாசகம் வாசிக்க என் பேரைப் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள், பார்த்தேன். அடித்துவிட்டுத் தங்கபுஷ்பம் பேரைப் போடுங்கள், அவளுக்குத்தான் நாலு பேர் முன்னால் நிற்க ஆசை. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது ஃபாதர். இன்னும் பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு நாள். அப்புறம் தண்ணீர் சூடாகி மீன் கசத்தை விட்டுக் கலைந்துவிடும். நான் சாயங்காலப் பூசைக்கு வருகிறேன். நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணுக்குத் திரும்பப் போகிறவள் என்பதை எனக்கு அப்போது ஞாபகப்படுத்தினால் போதும். காலையில் எனக்கு ஆற்றில் வேலை இருக்கிறது.